மின்சாரம் எடுக்கும் பழைய காற்றாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரியது நடப் போகிறார்கள். உங்கள் ஊரில் காற்றாடி வந்தபோது என்ன நினைத்தீர்கள்?

1. ஆரல்காற்று (இழையைத் தொடங்கியவர்)

ஊர் ஆரல்வாய்மொழிப் பக்கம். வீட்டு மாடியில் நின்றால் வடமேற்கில் மலை, மலைக்கு முன்னால் காற்றாடிகள். நேற்று சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். 43 வரை வந்தது. அதற்கப்புறம் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றதால் விட்டுவிட்டேன்.

நான் பிறந்தது 1990-ல். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் காற்றாடி இல்லாத மலையை நான் பார்த்ததில்லை. முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலுக்குப் போனாலும் கோவிலுக்குப் பின்னால் இறகுகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அம்மாவுக்கு அப்படியில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மலை இடுக்கில் மேகம் இறங்குவதைப் பார்த்துத்தான் முற்றத்தில் காயப்போட்ட நெல்லை அள்ளுவாராம். மேகம் அந்தப் பள்ளத்தைத் தொட்டால் அரை மணி நேரத்தில் சாரல் வந்துவிடும். இப்போதும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறார். "கண்ணு அங்க போறதுக்குள்ள இது சுத்துறதுல நின்னுடுது" என்கிறார்.

இப்போது விஷயம் என்னவென்றால், எங்கள் வயலை ஒட்டி நிற்கும் ஏழு பழைய காற்றாடிகளையும் கழற்றப் போகிறார்கள். கம்பிக் கோபுரம், 250 கிலோவாட், 30 மீட்டர் உயரம். அந்த இடத்தில் பெரியதாக ஒன்று வருகிறது. இறகு நுனி வரை அளந்தால் 200 மீட்டர் வருமாம். கிரேன் போக வழி வேண்டும் என்று தரகர் இரண்டு முறை வந்துவிட்டார். தம்பி கொடுக்கலாம் என்கிறான். அம்மா வேண்டாம் என்கிறார். நடுவில் நான்.

மின்சாரம் தேவையா என்று நான் கேட்கவில்லை. தேவைதான். அதன் கீழேயே வாழ்கிறவர்களுக்கு அது என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

2. கோபுரமேறி

அண்ணே, நான் 14 வருடமாகக் காற்றாலையில் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். பக்கச் சார்பு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிள்ளைகள் படிப்பது இந்தக் காற்றில்தான்.

மேலே போய் மூடியைத் திறந்து தலையை நீட்டினால் தெரிகிற ஊர் வேறு. கீழே குளம் குளமாகத் தண்ணீர், வாழைத் தோட்டம், ரயில் பாதை. வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடல் ஒரு கோடு மாதிரி தெரியும். இத்தனை வருடம் ஏறியும் எனக்கு அது அலுக்கவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஏழு போய் ஒன்று வருகிறது என்றால் கண்ணுக்கு அது நல்லதுதான். பழைய சின்ன இயந்திரம் நிமிடத்துக்கு 40 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். அந்தப் படபடப்புதான் கண்ணை இழுக்கிறது. பெரியது 10 முதல் 15 சுற்றுதான். நிதானமாகச் சுற்றும். கம்பிக் கோபுரம் துருவேறி, எண்ணெய் வழிந்து நிற்பதும் இருக்காது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் தளத்தில் தினமும் நான் பார்க்கிற ஒரு காட்சி: வெயில் நேரத்தில் ஆடுகள் கோபுரத்தின் நிழலில் ஒரே வரிசையாகப் படுத்திருக்கும். நிழல் நகர நகர ஆடுகளும் எழுந்து நகரும். மத்தியானம் நிழல் சுருங்கியதும் எல்லாம் அடித்தளத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆடு மேய்க்கிற பெரியவர் அதை வைத்தே மணி சொல்லுவார்.

3. வெளியூர்ப் பிள்ளை

எனக்கு ரொம்பப் பிடிக்கும். சென்னையிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் வரும்போது விடியற்காலையில் காற்றாடி தெரிந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். தூங்குகிற தங்கையை எழுப்பிக் காட்டுவேன். காற்றாடி இல்லாத அந்தச் சாலையை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

4. ஆரல்காற்று

@வெளியூர்ப் பிள்ளை, எனக்கும் அந்த உணர்வு உண்டு. கோயம்புத்தூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். தீபாவளிக்கு வரும்போது காற்றாடியைப் பார்த்ததும் மனம் லேசாகிவிடும். ஊரிலேயே தங்கியபிறகுதான் வேறு பக்கம் தெரிந்தது. சூரியன் இறங்கும் நேரத்தில் எங்கள் அடுக்களைச் சுவரில் இறகின் நிழல் வெட்டி வெட்டிப் போகும். வருடத்தில் சில வாரங்கள், தினம் கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு சமைப்பார். காற்று வரட்டும் என்று தாத்தா வைத்த ஜன்னல் அது.

@கோபுரமேறி, 40 சுற்று, 10 சுற்று கணக்கு எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நெழலும் மெதுவாத்தான் போகுமா?" என்று கேட்டார்.

5. கோபுரமேறி

ஆமாம், மெதுவாகப் போகும். ஆனால் கோபுரம் உயரமானதால் நிழல் இன்னும் தூரம் எட்டும். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

6. பல்லடத்து விவசாயி

எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. உங்களுக்கு ஆரல்வாய்மொழி கணவாய், தென்காசிப் பக்கம் செங்கோட்டைக் கணவாய். மலை விட்ட சந்து வழியாகத்தான் தென்மேற்குக் காற்று நெருக்கிக்கொண்டு உள்ளே வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை ஓட்டம். மற்ற மாதங்களில் பாதி நாள் சும்மா நிற்கும்.

பார்க்க எப்படி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. எங்கள் தோட்டத்தை ஒட்டி நாலு இருக்கிறது, தென்னைக்கு மேலே ஆளுயரத்துக்குத் தெரியும், பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு. ஒன்றரை வருடமாக ஓடாமல் நிற்கிற ஒரு காற்றாடி. ஒரு இறகு பாதியில் உடைந்து தொங்குகிறது. நல்ல ஆடி மாதத்தில் மற்ற மூன்றும் சுற்றும்போது அது மட்டும் நிற்கும். காலையில் எழுந்து வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஓடுகிற காற்றாடி அழகா என்று தெரியாது. நிற்கிற காற்றாடி அசிங்கம். அதைக் கழற்றச் சொல்லி யாரிடம் போவது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சொந்தக்காரர் யாரென்றே தெரியாது.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 90-களில் காற்றாடி போட்டால் முதல் வருடத்திலேயே முழு மதிப்பையும் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. நூற்பாலைக்காரர்கள் மளமளவென்று போட்டார்கள். சிலர் மின்சாரத்துக்காகப் போட்டார்கள், சிலர் வரிக்காகப் போட்டார்கள். வரிக்காகப் போட்டவர்களுக்கு அது எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது என்ற கவலை எதற்கு? நாங்கள் ஏக்கரைச் சில ஆயிரத்துக்கு விற்றுவிட்டு, அதே நிலத்தில் காவல் வேலைக்குப் போனோம். என் பெரியப்பா போனார்.

தம்பி, வழி கொடுப்பதானால் ஓடையைப் பார். எங்கள் ஊரில் லாரிக்காக ஓடையில் மண்ணைக் கொட்டிப் பாதை போட்டார்கள். குழாய் வைக்கவில்லை. இரண்டு மழைக்குத் தண்ணீர் கீழ்த் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டது. மலை மறைகிறது என்று உன் அம்மா சொல்வது நியாயம்தான். ஆனால் தண்ணீர் போகிற வழி மறைந்தால் சோறு போய்விடும்.

7. மின்வாரியத்தில் இருந்தவன்

ஓய்வுபெற்றவன் நான். இந்த இழையைப் படிக்கும்போது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் முதல் காற்றாடிகள் நின்றபோது போய்ப் பார்த்தவன். எவ்வளவு சின்னது தெரியுமா? காற்றிலிருந்து கரண்டு வரும் என்று சொன்னால் சிரித்தார்கள். இன்று தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறோம். காற்று நன்றாக அடிக்கிற நாளில் அதிலிருந்து 5,000 மெகாவாட்டுக்கு மேல் வருகிறது. அதே தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் மொத்தத் திறன் 1,050 மெகாவாட். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிலக்காட்சி பற்றிப் பேசுகிறோம், சரி. எண்ணூருக்குப் போயிருக்கிறீர்களா? கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கும் இடத்தில் நின்றிருக்கிறீர்களா? அங்கே மீனவர் கால் வைத்தால் சாம்பல் சேற்றில் புதைகிறது. உங்கள் வீட்டு விளக்கு எரிவதற்காகப் போன நிலக்காட்சி அது. அதற்கு யாரும் மாடியில் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. காற்றாடியை எதிர்க்கிற ஒவ்வொரு குரலும் அந்தச் சாம்பலை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக்கிறது. என் பணிக்காலம் முழுக்க இரண்டையும் பார்த்ததால் இதைச் சொல்கிறேன்.

8. பேசாலைக்காரி

ஐயா, நீங்கள் சொல்வதில் எண்ணூர் பற்றிய பகுதி என் நெஞ்சில் பட்டது. ஆனால் "எதிர்க்கிற ஒவ்வொரு குரலும்" என்று எங்களையும் சேர்த்து எழுதிவிட்டீர்கள். நான் மன்னார் தீவு.

எங்கட தீவின் தெற்குக் கரையில் இலங்கை மின்சார சபையின் தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். வந்த நேரம் நாங்கள் எதிர்க்கவில்லை. வேடிக்கை பார்க்கப் போனோம். பிள்ளைகளை வைத்துப் படம் எடுத்தோம். என்னிடம் இன்னும் அந்தப் படம் இருக்கிறது.

பிறகு மாரியில் வெள்ளம் வடியாமல் நின்றது. எங்கட தீவு தட்டையான மணல் நிலம். பாதைகளை உயர்த்திப் போட்டதால்தான் தண்ணீர் கடலுக்குப் போகாமல் நிற்கிறது என்று சனம் சொல்லுது. கரைவலை இழுக்கிறவர்கள் கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள். அப்பா சோழகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், தொழிலுக்குப் போய் வரும்போது இரவில் கரையைக் கண்டுபிடிக்கப் பனைகளின் இருட்டைப் பார்ப்பாராம். இப்போது கரை முழுக்கச் சிவப்பு விளக்கு. "கரை எது எண்டு தெரியுது, எங்கட கரை எது எண்டு தெரியேல்ல" என்று சொன்னார்.

அதற்குப் பிறகுதான் மன்னாருக்கும் பூநகரிக்கும் சேர்த்து 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனத்தின் திட்டம் வந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் (உங்கள் பக்கம் உச்ச நீதிமன்றம் என்பது) போனார்கள். 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியது. அதோடு முடியவில்லை. வேறு காற்றாலைகளுக்காக 2025 ஆகஸ்டில் கோபுரப் பாகங்கள் வரத் தொடங்கியபோது சனம் வீதியில் இருந்தது. கத்தோலிக்கச் சுவாமிமாரும் வந்து இருந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டெம்பர் கடைசியில் பொலிஸ் காவலோடு இரவில் பாகங்களை உள்ளே கொண்டு வந்தபோது அடிதடி நடந்தது. நான் அங்கே நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவரின் கையில் செபமாலை மட்டும்தான் இருந்தது.

நாங்கள் காற்றுக்கு எதிரி இல்லை ஐயா. எங்கட தீவு சின்னது. 30 பொறுத்தோம். எத்தனை வரை என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

9. பறவைநோக்கி

@பேசாலைக்காரி அக்கா, உங்கள் தீவுக்கு எதிரே இருக்கும் வங்காலைப் பறவைச் சரணாலயத்துக்கு இரண்டு முறை வந்திருக்கிறேன். 2010-ல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளுக்குத் தெற்குப் பயணத்தில் கடைசி நிறுத்தங்களில் ஒன்று. பூநாரைக் கூட்டம் ஒரே நேரத்தில் எழும்பினால் தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்புத் துணியை உதறியது மாதிரி இருக்கும். இலங்கையைத் தாண்டித் தெற்கே பறக்க நிலமில்லை, கடல்தான். அப்படிப்பட்ட பாதையில் கோபுரங்களை வரிசையாக நடுவதும், ஆரல்வாய்மொழி வயலில் நடுவதும் ஒன்றில்லை.

பறவை அடிபட்டுச் சாவதைத்தான் எல்லாரும் பேசுகிறோம். அதைவிட மெதுவான மாற்றம் ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் சால்கேவாடி மேட்டுநிலத்தில் செய்த ஆய்வு 2018-ல் வந்தது. காற்றாடி இருக்கும் பகுதியில் வல்லூறு, பருந்து மாதிரி இரைதேடிப் பறவைகள் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் இருந்தன. அதனால் அங்கே விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகிவிட்டன. பெருகியதோடு நிற்கவில்லை. இரை போதாமல் மெலிந்திருந்தன. பருந்து வராததால் பயமும் குறைந்துபோய், ஆள் பக்கத்தில் போனாலும் ஓடத் தாமதித்தன. ஆண் ஓணானின் தொண்டை நிறம்கூட மங்கியிருந்தது. மேலே சுற்றுகிற ஒன்று கீழே புல்லுக்குள் இருக்கிற ஓணானின் நிறத்தை மாற்றுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆரல்காற்று, உங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். முன்பு கோழிக்குஞ்சைத் தூக்க எத்தனை பருந்து வரும், இப்போது எத்தனை வருகிறது?

10. ஆரல்காற்று

கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பருந்து வருதுன்னு கத்தி எத்தன வருசமாச்சி" என்றார். காற்றாடியால்தானா என்று தெரியாது. ஊரில் கோழியும் குறைந்துவிட்டது.

11. ஒஸ்லோவிலிருந்து

தம்பி, நான் நோர்வேயில் 30 வருடமாக இருக்கிறேன். ஊர் வல்வெட்டித்துறை. இங்கே நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பேச்சுக்கு உதவலாம்.

ட்ரொண்ட்ஹெய்ம் பக்கம் ஃபோசன் என்றொரு தீபகற்பம். அங்கே ஸ்தூர்ஹைய, ருவான் என்ற இரண்டு மலைப்பகுதிகளில் 151 காற்றாடி வைத்தார்கள். சாமி என்ற பழங்குடி மக்கள் குளிர்காலத்தில் கலைமான் மேய்க்கிற நிலம் அது. காற்றாடி இருக்கிற பக்கம் கலைமான் போகாது என்றார்கள் அந்த மக்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 அக்டோபரில் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அனுமதி செல்லாது என்றார்கள். அந்த மக்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது என்பது தீர்ப்பு. ஆனால் காற்றாடி நிற்கவில்லை. 500 நாள் கழித்தும் சுற்றிக்கொண்டிருந்ததால் 2023-ல் சாமி இளைஞர்கள் அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். நானும் ஒரு நாள் வெளியே போய் நின்றேன், பயங்கரக் குளிர். கடைசியில் உடன்பாடு, நட்டஈடு, மாற்று மேய்ச்சல் நிலம் என்று முடிந்தது. காற்றாடி இன்றைக்கும் சுற்றுகிறது.

நோர்வே பணக்கார நாடு, சட்டம் உள்ள நாடு. இங்கேயே நட்டுவிட்டால் பிடுங்க முடியவில்லை. ஆகவே பேசுவதென்றால் நடுவதற்கு முன்னால் பேச வேண்டும்.

பக்கத்து நாடு டென்மார்க்கில் வேறு மாதிரி. கோபன்ஹேகன் நகரத்துக்கு எதிரே கடலில் 2000-ல் மிடில்குருண்டன் என்று 20 காற்றாடி வைத்தார்கள். கரையில் நின்றால் நேர் எதிரே தெரியும். அதில் பாதி, கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். 8,000-க்கு மேற்பட்ட சாதாரண ஆட்கள் பங்கு வாங்கியிருக்கிறார்கள். என் மச்சான் வீடு அங்கேதான். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், "அதில் கொஞ்சம் என்னுடையது" என்று காட்டினார். பேரனுடைய படத்தைக் காட்டுகிற முகம் அவருக்கு. அதே காட்சி பக்கத்தில் நின்ற எனக்கு வெறும் இயந்திரமாகத்தான் தெரிந்தது.

12. மின்வாரியத்தில் இருந்தவன்

@பேசாலைக்காரி, மகளே, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். "ஒவ்வொரு குரலும்" என்று நான் எழுதியது தவறு. திரும்பப் பெறுகிறேன். சாம்பல் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் எண்ணூர்க்காரரிடம் கேட்காததைக் காரணம் காட்டி மன்னார்க்காரரிடமும் கேட்காமல் இருக்கலாம் என்று ஆகாது. அது எனக்கு உறைத்தது.

13. பேசாலைக்காரி

நன்றி ஐயா. நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

14. கோபுரமேறி

ஆரல் அண்ணே, விதி பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மத்திய அரசின் 2016 வழிகாட்டு நெறிமுறையில் இரண்டு கணக்கு சொல்லியிருந்தார்கள். சத்தத்துக்காகக் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர். சாலை, மின்கம்பி மாதிரியானவற்றுக்குக் கோபுர உயரம், அதோடு இறகு வட்டத்தின் பாதி, அதற்கு மேல் 5 மீட்டர். அடித்தளத்துக்குக் குறிக்கல் நட்டிருப்பார்கள், சுண்ணாம்பு அடித்திருக்கும். அங்கிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்தீர்களா?

15. பல்லடத்து விவசாயி

பழையதைக் கழற்றும்போது அடிக் கான்கிரீட்டையும் எடுப்பார்களா என்று கேள். மேலே இரும்பு விலை போகும், கொண்டுபோய்விடுவார்கள். கீழே இருப்பது ஏர் ஓட்டும்போதுதான் தெரியும். எழுதி வாங்கு. வாயால் சொன்னது காற்றோடு போகும்.

16. ஆரல்காற்று

எல்லாருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு நாளாக இதே வேலையாக இருந்தேன்.

நேற்று காலையில் அம்மாவும் நானும் குறிக்கல் இருக்கும் இடத்துக்குப் போனோம். அம்மா அந்தப் பக்கம் போய்ப் பல வருடமாகிறது. கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மலையைப் பார்த்தார். அங்கிருந்து இடுக்கு முழுதாகத் தெரிகிறது, ஒரு காற்றாடியும் குறுக்கே இல்லை. "இங்க வந்து நின்னா தெரியுது பாரு" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். அப்புறம்தான் அந்த இடத்தில்தான் கோபுரமே வரப்போகிறது என்பது அவருக்கு நினைவு வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. கல்லின் மேல் படிந்திருந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டு நடந்தார்.

திரும்பும்போது எண்ணிக்கொண்டே வந்தேன். கல்லிலிருந்து எங்கள் அடுக்களை ஜன்னல் வரை 460 எட்டு. என் ஒரு எட்டு முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 350 மீட்டர்கூட வராது. தம்பியிடம் சொன்னேன். அவனும் நடந்து பார்த்துவிட்டு வந்து, "கல்லைத் தள்ளி நடச் சொல்லலாம், வேண்டாம்னு சொல்ல வேண்டாம்" என்றான். அம்மா மறுத்துப் பேசவில்லை. ஓடைக்குக் குழாய், பழைய கான்கிரீட்டை எடுப்பது இரண்டையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவதாக அம்மா ஒன்று சேர்க்கச் சொன்னார்: எங்கள் தெருவில் உள்ள எட்டு வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும்.

நாளைக் காலை பத்து மணிக்குத் தரகரும் நிறுவனத்து ஆளும் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் 50 மீட்டர் டேப் வாங்கி வைத்திருக்கிறேன்.

17. கோபுரமேறி

நாளை எனக்கு மத்தியானம்தான் ஷிப்டு அண்ணே. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன். வீடு எங்கே என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.